எல்லா அறையும் வீட்டம்மா பெயரில்

காலையில் நூலகர் மாடிப்படி ஏறி வந்தபோது, ஆறு அறைகளின் கதவிலும் ஆறு குட்டித் திரைகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. ஆறிலும் ஒரே வாசகம்.

'இந்த அறை ஒதுக்கப்பட்டுள்ளது. ஒதுக்கியவர்: வீட்டம்மா.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கண்ணாடி மேல் பழி போட வழியில்லை. வீட்டம்மா வீட்டம்மாவாகவே இருந்தாள்.

வேறு யார் மேலும் பழி போட வழியில்லை என்பதுதான் சங்கடம். நேற்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, நிம்மதியாக உட்கார்ந்து இந்தக் காரியத்தைச் செய்து முடித்தவர் அவரேதான்.

கல்லூரி நூலகத்தில் இன்று முதல் புதிய வசதிகள். மாணவர்கள் கூடி உட்கார்ந்து படிக்கக் கண்ணாடி அறைகள். போனிலேயே ஒதுக்கிக்கொள்ளலாம். ஒதுக்கியவர் போனைக் காட்டினால்தான் கதவு திறக்கும். அப்புறம், இரவல் மடிக்கணினி. எந்த நேரத்திலும் வந்து புத்தகத்தைத் திருப்பிப் போட வாசலில் ஓர் இரும்புப் பெட்டி. இதெல்லாம் போக, 'நூலகரோடு அரை மணி நேரம்' என்று ஒன்று. எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்று தெரியாமல் முழிக்கிற பிள்ளைகள் நேரம் குறித்துக்கொண்டு வந்து அவரோடு உட்காரலாம்.

இந்தக் கடைசி யோசனை அவருடையது. "உங்ககூட அரை மணி நேரமா? யார் சார் வரப்போறா?" என்று முதல்வர் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகாததால்தான், வசதி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார்.

சோதிக்க ஓர் ஆள் வேண்டும். சொந்த எண்ணைப் போட்டார். 'நூலகர் தன்னையே சந்திக்க இயலாது' என்றது கணினி. பெரிய தத்துவம்தான். ஆனால் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் தத்துவம் யாருக்கு வேண்டும்? அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண் உலகத்திலேயே ஒன்றுதான். மனைவியின் எண்ணைப் போட்டார். பெயர் கேட்டது. தன் போனில் எப்படிப் பதிந்து வைத்திருக்கிறாரோ அப்படியே, பழக்கதோஷத்தில், 'வீட்டம்மா' என்று அடித்தார். எந்த அறை என்று கேட்டது. 'எல்லாம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டுவானேன் என்று அதைத் தட்டினார். எந்த நேரம்? அதற்கும் 'எல்லாம்'. எத்தனை முறை? 'ஒரு முறை' என்பதற்கு நேர் கீழே 'ஒவ்வொரு நாளும்' இருந்தது. அவருடைய கட்டைவிரல் கொஞ்சம் அகலம்.

'வெற்றிகரமாக ஒதுக்கப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்தது. அட, வேலை செய்கிறதே என்று பூரித்துப்போய் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்தான்.

"ரத்து பண்ணிடலாமே சார்," என்றார் உதவி நூலகர். யார் பேசினாலும் உதட்டில் விரல் வைத்தே பழகியவர் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் உஷ் மேடம். நூலகரும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவார்.

"பண்ணலாம். ரத்து பண்ண ரகசிய எண் வேணுமாம். அது யார் ஒதுக்கினாங்களோ அவங்க போனுக்குத்தான் போகுமாம்."

"அப்ப மேடத்துக்கு ஒரு போன் போடுங்க. முடிஞ்சுது."

"போடலாம்," என்றார் நூலகர், பாம்புப் புற்றில் கை விடச் சொன்னதைப் போல.

கட்டின மனைவிக்கு ஒரு போன் போடுவதில் என்ன கஷ்டம் என்று இன்றைக்குத்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்கள் கேட்கலாம். ஆரம்பத்திலிருந்து கூட வருகிறவர்கள் கேட்கமாட்டார்கள். பாவம் மனுஷன் என்பார்கள்; இல்லை, வேண்டும் இவருக்கு என்பார்கள்.

வீட்டம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூத்த டெக்னீஷியன். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். அதே ஆஸ்பத்திரி, ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் புதிதாக ஒரு கிளை திறக்கிறது. அங்கே பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை ஏற்க அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இது நூலகருக்குத் தெரிந்ததே மருந்துக்கடையில்தான். அவளோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, "அக்கா போறது முடிவாயிடுச்சா சார்? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாமே?" என்று கேட்டாள். எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, வாங்க வந்த மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்தார்.

வந்து கேட்டார். கேட்டார் என்றால், அவர் பாணியில்.

"நீ போயிட்டா எனக்கு ஒரு தலையணை மிச்சம்."

"பாக்கலாம்," என்று சொல்லி அவள் விளக்கை அணைத்தாள். நாம் போன தடவை விட்டுவந்தது அந்த இருட்டில்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாவியைப் பற்றியும் பாலைப் பற்றியும் மட்டும்தான் பேச்சு.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

போனைப் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பரிசோதனைக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, மத்தியானச் சாப்பாடு வரை அது அலமாரியில்தான் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எடுக்கமாட்டாள் என்று தெரிந்தே ஒருவரைக் கூப்பிடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. கூப்பிட்டாயிற்று என்ற பெயரும் கிடைக்கும், பேச வேண்டிய தொல்லையும் கிடையாது.

"எடுக்கல," என்றார் உஷ் மேடத்திடம், ஏதோ சாதித்தவர் போல.

"பதினோரு மணிக்குத் தாளாளர் அம்மா வர்றாங்க சார்."

"தெரியும்."

"ரிப்பன் கட்டியாச்சு."

"அதுவும் தெரியும்."

"கத்தரிக்கோல் மட்டும் காணோம். நேத்து நீங்கதான் எடுத்தீங்க."

கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தபோது மகள் வந்தாள். இதே கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வளாகத்துக்குள் அவருக்கும் அவளுக்கும் எந்த உறவும் கிடையாது என்பது அவள் முதல் நாளே போட்ட நிபந்தனை. மேசைக்கு இந்தப் பக்கம் அவர் சார். அந்தப் பக்கம் அவள் அட்டை வைத்திருக்கும் ஓர் உறுப்பினர்.

"சார்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "எல்லா ரூம்லயும் அம்மா இருக்காங்க."

"தெரியும்."

"பசங்க போட்டோ எடுத்து அனுப்பிட்டிருக்காங்க. காலேஜ் முழுக்கப் போயாச்சு."

"வீட்டம்மா யாருன்னு தெரிஞ்சுபோச்சா?"

"இல்ல. பேய்னு முடிவு பண்ணியிருக்காங்க. ஒரே நேரத்துல ஆறு ரூம்ல இருக்குதுல்ல."

நூலகர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் ஒரு புத்தகத்தை எடுத்து, முத்திரை குத்த வேண்டிய பக்கத்தில் ஏற்கெனவே குத்தியிருந்த முத்திரையின் மேலேயே இன்னொரு முறை குத்தினார்.

"பாப்பா, அந்தப் பெரிய பெட்டி இருக்குல்ல, பரண்மேல. அம்மா அதை எறக்கினாளா?"

"சார், எனக்கு கிளாசுக்கு நேரமாச்சு."

"சும்மா கேட்டேன். பல்லி கில்லி இருக்குமேன்னு."

மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் சார் அப்பாவானார்.

"அப்பா, என்னை நடுவுல நிக்க வெக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன். அம்மாகிட்ட கேளுங்க. தலையணை, போர்வைன்னு ஆரம்பிக்காம கேளுங்க."

"தலையணை விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம வீட்டுச் சுவர் மெல்லிசு," என்று சொல்லிவிட்டு அவள் போனாள். போகிற போக்கில் கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது அவர் கண்ணெதிரே, பேனா நிறுத்தும் குவளைக்குள்ளேயே இருந்தது.

*

தாளாளர் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். கல்லூரியைத் தொடங்கியவரின் மகள், எழுபதைத் தாண்டியவர். மெதுவாக நடப்பார், எல்லாவற்றையும் படிப்பார். சுவரில் ஒட்டிய அறிவிப்பிலிருந்து தீயணைப்புக் குழாயின் மேல் எழுதியிருப்பதுவரை. அவர் பின்னால் முதல்வர் கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டே வந்தார்.

ரிப்பனை வெட்டினார். பத்துப் பேர் கைதட்டினார்கள். உஷ் மேடம்கூடத் தட்டினார், சத்தம் வராமல். முதல்வர் கதவின் பிடியைப் பிடித்துக் கம்பீரமாக இழுத்தார். கதவு அசையவில்லை. தள்ளிப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை.

தாளாளர் அம்மா திரையருகே குனிந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். "ஒதுக்கியவர், வீட்டம்மா." அடுத்த கதவுக்குப் போனார். "வீட்டம்மா." அதற்கும் அடுத்தது. "இங்கேயும் அவங்கதான். யார் இவங்க?"

"ஒரு மூத்த ஆராய்ச்சியாளர்ங்க மேடம்," என்றார் முதல்வர், யோசிக்காமல். பயத்தில் பொய் சொல்கிறவர்களுக்கே உரிய வேகம் அது.

தாளாளர் அம்மா நூலகரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அரைப் பொய்கூட நிற்காது.

"என் சம்சாரம்ங்க மேடம்," என்றார் நூலகர். "சோதிச்சுப் பாக்கறதுக்காக அவ நம்பரைப் போட்டேன். இப்ப அவ வந்தாத்தான் கதவு திறக்கும்."

"எங்க இருக்காங்க?"

"வேலையில."

"போன் பண்ணீங்களா?"

"பண்ணேன். எடுக்கல."

முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். தாளாளர் அம்மா வரிசையாக எரியும் சிவப்பு விளக்குகளை ஒரு தடவை பார்த்தார்.

"எங்க வீட்ல எனக்குன்னு ஒரு அறை கெடைக்கறதுக்குள்ள தலை நரைச்சுப் போச்சு," என்றார். "உங்க வீட்டம்மாவுக்கு ஒரே ராத்திரியில ஆறு. அதிர்ஷ்டக்காரி. வாங்க, அந்த இரும்புப் பெட்டியைக் காட்டுங்க."

இரும்புப் பெட்டி மானத்தைக் காப்பாற்றியது. தாளாளர் அம்மா ஒரு புத்தகத்தை அதன் வாயில் வைத்தார். அது நாக்கை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, 'நன்றி' என்றது. இன்னொன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கி அதையும் போட்டார். ஐந்தாவது புத்தகத்துக்குப் பிறகுதான் மனசில்லாமல் கிளம்பினார்.

அவர் காரில் ஏறும்போது முதல்வர் நூலகரின் காதோரம் வந்தார். "ஏன் சார், உண்மையைச் சொல்ல வேற நாளே கெடைக்கலையா உங்களுக்கு?"

*

அறைகள் இல்லாவிட்டால் என்ன, வசதி தொடங்கியாயிற்று என்று நூலகர் செய்தித்தாள் அடுக்குக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார். யாரும் வரப்போவதில்லை என்று ஒரு பாதி மனசு முதல்வரோடு சேர்ந்துகொண்டு சிரித்தது. கால் முட்டி வலித்தது. சரியாகத் தூங்கிப் பல நாளாயிற்று.

விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். வணிகவியல், முதல் வருஷம்.

"சார், ஒலி மாசு பத்தி புக் வேணும்."

"இருக்கே. பரீட்சைக்கா?"

"இல்ல சார். சும்மா."

இத்தனை வருஷத்தில் நூலகர் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மேசைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அவர்களுடைய கேள்வி அல்ல. கூச்சத்தில் நாலு தெரு தள்ளி நின்று கேட்பார்கள். பொறுமையாகக் கையைப் பிடித்து, அவர்கள் வீட்டு வாசலுக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

"எந்த மாதிரி ஒலிம்மா? தொழிற்சாலை, வண்டி..."

"ரூமுக்குள்ள வர்ற ஒலி சார்."

"ராத்திரியா?"

"ராத்திரிதான்."

"ஒரே இடத்துலேர்ந்து வருதா?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "பக்கத்துக் கட்டில்லேர்ந்து சார். அவ என் பெஸ்ட் ஃபிரண்டு. குறட்டை விடுறா. நான் தூங்கியே ரொம்ப நாளாச்சு. அதனால ஏதாவது ஆகுமான்னு தெரிஞ்சுக்கலாம்னு..."

"அவகிட்ட சொன்னியா?"

"எப்படி சார் சொல்றது? வருத்தப்படுவா."

"சொல்லாம இருந்தா நீ அவமேல எரிஞ்சு விழுவ. எதுக்குன்னு தெரியாம அவ முழிப்பா. குறட்டைய விட அது பெரிய சத்தம்மா. இன்னிக்கே சொல்லிடு. கூடவே ஒரு டாக்டரையும் பாக்கச் சொல்லு. குறட்டைக்கு வைத்தியம் இருக்கு. எந்த டாக்டர்னு தேட வழி காட்டறேன், வா."

கணினியில் தேடிக் காட்டினார். மாணவி முகம் தெளிந்து போனாள். வெற்றிகரமான முதல் அரை மணி. நூலகர் நாற்காலியில் சாய்ந்து, முதல்வர் மட்டும் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

நிமிர்ந்தபோது உஷ் மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா சொன்னீங்க. இன்னிக்கே சொல்லிடணும்னு."

*

மத்தியானம் போன் அடித்தது. திரையில் வீட்டம்மா.

"என் போனை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"ஏன், என்ன ஆச்சு?"

"அலமாரியைத் திறந்தா உள்ள அதிர்ந்துட்டே கெடக்கு. படிக்கிறேன் கேளுங்க. 'உங்கள் நேரம் தொடங்கிவிட்டது. நூலகர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.' அரை மணிக்கு ஒண்ணு. இல்ல, அரை மணிக்கு ஆறு. பக்கத்து அலமாரிக்காரி என்னை ஒரு மாதிரி பாக்கறா. யார் எழுதினது இதை?"

"கம்பெனிக்காரங்க," என்றார் நூலகர். வாசகத்தை எழுதியது அவர்தான். எழுதிய அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது.

நடந்ததைச் சொன்னார். ரிப்பன், கதவு, பேய் எல்லாவற்றையும் கொஞ்சம் மசாலா தடவியே சொன்னார். பேய் வந்த இடத்தில் மறுமுனையில் ஒரு சின்ன மூச்சு கேட்டது. சிரிப்பா, களைப்பா, தெரியவில்லை.

"நம்பரைச் சொல்றேன், போட்டுக்கோங்க."

அவள் சொன்னாள், அவர் அடித்தார். 'தவறான எண்.' மறுபடி சொன்னாள். அவர் கவனமெல்லாம் அவள் குரலில் இருந்தது. பின்னால் யாரோ பேசுகிறார்களா, மேலதிகாரியின் அறையில் இருக்கிறாளா, அந்தப் பதிலைச் சொல்லிவிட்டாளா, சொல்லப்போகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்ததில் விரல்கள் இலக்கங்களை மாற்றிப் போட்டன. 'தவறான எண். ஒதுக்கியவர் நேரில் வரவும்.'

"நேர்ல வரணுமாம்," என்றார்.

"நானா?"

"போனோட."

இதுதான் சமயம். கேட்டுவிடலாம். ஒரே வார்த்தை. வாயைத் திறந்தார்.

"காலைல மோட்டாரை நிறுத்தினியா?"

"நிறுத்தினேன்," என்றாள் அவள். "வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"சரி. டியூட்டி முடிஞ்சு வர்றேன்."

போனை வைத்த பிறகு நூலகர் தன்னைத்தானே மனதாரத் திட்டிக்கொண்டார். ஊரார் வீட்டுக் குறட்டைக்கு வழி சொல்லத் தெரிந்த வாய், சொந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டியில் போய் விழுகிறது.

*

அவள் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தோளில் பை, காலில் ஆஸ்பத்திரி ரப்பர் செருப்பு. நாளெல்லாம் நின்றதில் கணுக்கால் வீங்கியிருந்தது. கூடவே மெல்லிய ஸ்பிரிட் வாசனையும் வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் இந்த நூலகத்துக்குள் வருவது இது இரண்டாவதோ மூன்றாவதோ.

"பேய் வந்துடுச்சுடா," என்று ஒரு மேசையிலிருந்து கிசுகிசுப்பு. உஷ் மேடம் உதட்டுக்கு விரலைக் கொண்டுபோனார். மகள் சட்டப் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சட்டத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நூலகர் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். வீட்டம்மா போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். இந்த முறை எண் சரியாக விழுந்தது. கதவுத் திரைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறின. காத்திருந்த பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசி அறை மட்டும் சிவப்பாகவே நின்றது.

"அது உங்ககூட அரை மணி நேரம் பேசறதுக்கான அறை சார்," என்றார் உஷ் மேடம். "அதுல மட்டும் நேரம் ஆரம்பிச்சுட்டா நடுவுல ரத்து பண்ண முடியாதாம். இந்த ஒண்ணு முடியற வரைக்கும் மேடம் பேர்லதான் இருக்கும்."

"பரவாயில்ல," என்றாள் வீட்டம்மா. "எனக்கு எங்கேயாவது உக்காந்தாப் போதும்."

போனைக் கதவில் காட்டினாள். சின்னதாக ஒரு சத்தம், திறந்தது. முதல்வரால் திறக்க முடியாத கதவு.

உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். நூலகர் எதிரில் உட்கார்ந்தார்.

"நல்லாருக்கு," என்றாள். "குளுகுளுன்னு."

"இந்த நாற்காலி சுத்தும், பாத்தியா? முதல்வர் ரூம்லகூட இது கெடையாது. நீ மட்டும் தெனம் வர்றதா இருந்தா..."

"என்னங்க."

"ம்."

"இன்னிக்கு என்னால சிரிக்க முடியாது. ரொம்ப அசதியா இருக்கு. நீங்க என்னமோ கேக்கணும்னு நெனைக்கறீங்க. கேட்டுடுங்க."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். இந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை. நூலகர் மேசையைப் பார்த்தார். புத்தம்புது மேசை, ஒரு கீறல்கூட இல்லை.

"போறியா?"

"போறேன்."

கேட்பதற்கு அத்தனை நாள் ஆன கேள்விக்குப் பதில் வர ஒரு நொடிகூட ஆகவில்லை.

"சொல்லிட்டியா அவங்ககிட்ட?"

"மத்தியானம் சொன்னேன். உங்ககூட போன்ல பேசினதுக்கு அப்புறம்."

"மோட்டாரைப் பத்திக் கேட்டேனே, அதுக்கு அப்புறமா?"

"ஆமா. ஆனா அதனால இல்ல. நீங்க ஒழுங்காக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதை நெனச்சு உங்களையே திட்டிக்காதீங்க."

அவர் தலையாட்டினார். திட்டி முடித்தாயிற்று என்று சொல்லவில்லை.

"கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே மைக்ரோஸ்கோப்புல கண்ணை வெச்சவ நான்," என்றாள் அவள். "இது இன்ன வியாதி, இது வியாதியே இல்லைன்னு பாத்துச் சொல்றது நான். கீழ கையெழுத்துப் போடறது இன்னொருத்தர். அவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கறதில்ல, நான் காட்டற எடத்துல போட்டுட்டுப் போயிடுவார். அங்க போனா நானே பாத்து நானே போடலாம். தப்பாப் போச்சுன்னாலும் அது என் தப்பு. எனக்கு அது வேணும். வேற பெரிய காரணம் ஒண்ணும் இல்ல."

"பெரிய காரணம்தான்," என்றார் நூலகர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது வேடிக்கை பின்னால் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை.

"உங்கமேல கோவம் இருக்கும்னு நெனச்சேன்," என்றாள். "தேடிப் பாத்தேன். இல்ல. வெறும் களைப்புதான் இருக்கு."

"எனக்கும்தான்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, ஒரே அறையில், சும்மா. நூலகருக்கு அந்த ஊர் கண்முன் வந்தது. பார்த்தேயிராத ஊர். ரயில் விட்டு இறங்கி, பையோடு, இந்தக் கால் வீக்கத்தோடு, சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பும் ஒருத்தி. உள்ளே விளக்குப் போட்டு வைக்க யாரும் இல்லை. அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருஷம்தான் பாக்கி. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் யார் தடுக்கப்போகிறார்கள்? நூலகத்தை உஷ் மேடம் அவரைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார். பேசுகிற இரும்புப் பெட்டி வேறு இருக்கிறது.

"பாப்பாவை ஹாஸ்டல்ல சேத்துட்டு," என்று ஆரம்பித்தார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான் இந்த வேலையை விட்டுட்டு... உன்கூட வந்துடவா?"

அவள் அவசரப்படவில்லை. அவர் கேட்டது விளையாட்டில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அது முகத்தில் தெரிந்தது. கையை நீட்டி மேசைமேலிருந்த அவர் விரல்களின் மேல் வைத்தாள். கையுறைக்குள்ளேயே நாளைக் கழித்ததால் சுருங்கி, வெளுத்து, சில்லென்றிருந்த கை.

"வேண்டாங்க," என்றாள். "இப்ப வராதீங்க. அங்க கொஞ்ச நாள் நான் தனியா இருந்து பாக்கணும். எனக்கு நீங்க வேணும்னு தோணிச்சுன்னா நானே கூப்பிடுவேன். தோணலைன்னா, அதையும் நானே சொல்வேன். வேற யார் சொல்லியும் உங்களுக்குத் தெரிய வராது."